பூச்சியப் பொத்தான்

தமிழ் வகுப்பு வாசலில் சனிக்கிழமைகளில் கைத்தடியோடு நிற்கிற ஆளை உங்களுக்குத் தெரியும். நான்தான், ஆரணியின் அப்பா. போன மாதம் உங்களில் ஒரு பிள்ளை என் முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது பொய்க் காலா?" என்று கேட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. டீச்சருக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. பிறகு அவர் என்னைக் கூப்பிட்டு, "நடந்ததை நீங்களே ஒருக்கா எழுதித் தாங்கோவன், பிள்ளையள் வாசிக்கட்டும்" என்றார்.

நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் படிவங்கள்தான். இந்தக் கதையில் பாதி ஆரணியுடையது என்பதால் முதலில் அவளிடம் கேட்டேன். "எழுதுங்கோ அப்பா. பட், உண்மையை எழுதுங்கோ" என்றாள். அப்படியென்றால் என் கால் பொய்க் கால் இல்லை, ஆனால் நான் ஒரு பொய் சொன்னேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் கிளென்ஃபீல்ட் வீட்டிலிருந்து மோட்டர்வேயில் வடக்கே போனால், மலையில் சாய்த்துக் கட்டிய பெரிய கொட்டகை மாதிரி ஒரு கட்டடம் வரும். ஆக்லாந்தில் பனி விழாது. ஆனால் அந்தக் கொட்டகைக்குள் வருடம் முழுக்கப் பனி கிடக்கும். வெளியில் ஆட்கள் அரைக் காற்சட்டையோடு ஐஸ்கிரீம் சாப்பிடுவார்கள், உள்ளே குல்லா போட்டுக்கொண்டு பலகையில் சறுக்குவார்கள். ஏழு வருடமாக அங்கே நான் சறுக்குச் சப்பாத்து வாடகைக்குக் கொடுக்கிற மேசையில் வேலை. ஏழு வருடத்தில் ஒரு நாளும் நான் சறுக்கியதில்லை.

என் வேலையில் ஒரு விசயம் முக்கியம். சப்பாத்தைப் பலகையோடு பூட்டி வைக்க ஒரு பிடி இருக்கிறது. நீங்கள் விழும்போது அந்தப் பிடி தானாக விடவேண்டும். விடாவிட்டால் பலகை காலைத் திருகி எலும்பை முறித்துவிடும். எவ்வளவு இறுக்கமாகப் பூட்டுவது என்பதை உங்கள் நிறையை வைத்துத்தான் நான் திருப்பி வைப்பேன். ஆனால் படிவத்தில் எல்லாரும் நிறையைப் பொய்யாக எழுதுவார்கள். அக்காமார் பத்துக் கிலோ குறைப்பார்கள், பெடியங்கள் பத்துக் கிலோ கூட்டுவார்கள். நான் படிவத்தைத் திருப்பித் தள்ளி, "எனக்குச் சொல்லவேண்டாம், உங்கட கால் எலும்புக்குச் சொல்லுங்கோ" என்பேன். என்னோடு வேலை செய்கிற சாமி அண்ணை பின்னால் நின்று சிரிப்பார். அவர் பீஜியிலிருந்து வந்தவர். அவருடைய பூட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழ்க் குடும்பம். அவருடைய தமிழ் கொஞ்சம் உடைந்த தமிழ், ஆனால் மனசு உடையாத மனிதர்.

ஆரணி அங்கே வந்துதான் சறுக்கப் பழகினாள். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூட அணித் தெரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு குறை. பயம் வந்தால் பின்னுக்குச் சாய்ந்துவிடுவாள். எல்லாரும் செய்கிற பிழைதான் அது. சரிவில் இறங்கும்போது உடம்பு முன்னுக்குப் போகவேண்டும், ஆனால் பயம் ஆளைப் பின்னுக்கு இழுக்கும். பின்னுக்குச் சாய்ந்தால் பலகை உங்கள் சொல் கேட்காது.

அதற்காக அவளுடைய கோச் ஒரு பையில் சில சாமான்களைக் கொடுத்தார். சப்பாத்துக்குள் போடுகிற மெல்லிய உள்ளடித் தகடுகள், சின்னது பெரியதாக மூன்று சோடி. பாதத்தின் எந்த இடத்தில் எவ்வளவு பாரம் விழுகிறது என்று அந்தத் தகடு உணர்ந்து போனுக்கு அனுப்பும். போன் திரையில் இரண்டு பாதங்கள் தெரியும். பாரம் விழுந்த இடம் பச்சை, கூடினால் சிவப்பு, ஒன்றும் இல்லாவிட்டால் சாம்பல். சாய்ந்தால் காதுக்குள் 'பீப்' என்று கத்தும். இடது கால் பிழை என்றால் இடது காதில், வலது என்றால் வலது காதில். கண்ணால் காலைப் பார்க்கத் தேவையில்லை. காது சொல்லும், உடம்பு திருந்தும். இரண்டு கிழமையில் ஆரணியின் பின்சாய்வு பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆனால் தொடங்குமுன் ஒன்று செய்யவேண்டும். சமதரையில் நேராக நின்று, போனில் 'பூச்சியம்', அதாவது ஸீரோ, என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அந்த நேரம் நீங்கள் எப்படி நிற்கிறீர்களோ, அதைத்தான் அந்தத் தகடு 'நேர்' என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் கோணலாக நின்று அழுத்தினால் கோணல்தான் அதற்கு நேர். பாவம், அதற்கு வேறு தெரியாது.

அந்த நாட்களில் ஆரணிக்கு ஒரு ஆசை. "அப்பா, ஒரு நாள் என்னோட சறுக்குங்கோ. ஒரு நாள். பேபி ஸ்லோப் காணும்." புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சின்னச் சரிவு அது. நான் ஓம் என்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. அவளுக்கு முன்னால் விழுந்து எழும்பக் கூடாது என்று, புதன்கிழமை வேலை முடிந்ததும் பெரிய தகட்டுச் சோடியைச் சப்பாத்தில் போட்டுக் கம்பளத்தில் நின்று பழகினேன். நின்ற உடனே இடது காதில் பீப், பீப், பீப். திரையில் இடது பாதம் வெளிறிக் கிடந்தது.

அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னமே என் கால்விரல்களில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு விறைப்பு இருந்தது. குளிர்ப்பெட்டிக்குள் வேலை செய்கிறவனுக்குக் கால் விறைக்காதா என்று விட்டுவிட்டேன். அதற்கும் முதல் கிழமை நானே தோட்டத்தில் சுட்ட கோழி சரியாக வேகாமல் வயிற்றைக் கலக்கியது. இதையும் அதையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அறிவு இல்லை.

தகடு கத்திக்கொண்டே இருந்தது. நான் போனை எடுத்துப் பூச்சியத்தை அழுத்தினேன். சத்தம் நின்றது. இரண்டு பாதமும் பச்சை. பெரிய நிம்மதி.

சனிக்கிழமையும் அழுத்தினேன். ஞாயிறு காலையில் ஆரணி குல்லா எடுக்கப் போன நேரம் பார்த்து இன்னொரு முறை அழுத்தினேன்.

பேபி ஸ்லோப்பில் அவள் பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே என் இரண்டு கைகளையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். என் போன் அவளுடைய கழுத்தில் தொங்கியது. "அப்பா, கீழ பாக்காதீங்கோ. என்னைப் பாருங்கோ. முழங்காலை மடியுங்கோ." பாதித் தூரம் வந்ததும் திரையைப் பார்த்துத் துள்ளினாள். "ஓ மை காட், அப்பா! ஃபுல் க்ரீன்! நீங்கள் என்னைவிட நேரா நிக்கிறியள். விடப் போறன், ஓகே?"

விட்டாள். இடது முழங்கால் துணி மடிவது போல மடிந்தது. நான் பக்கவாட்டில் விழுந்தேன். பிடி சரியாக விட்டது, பலகை கழன்று போனது. கணுக்கால் மட்டும் பிரண்டு சுளுக்கியது.

இந்த நாட்டில் வைத்தியரிடம் போனால் முதலில் கேட்பது, விபத்தா வருத்தமா, அதாவது நோயா, என்றுதான். இரண்டுக்கும் வேறு வேறு படிவம், வேறு வேறு வழி. என் ஆங்கிலம் மேசை வேலைக்குக் காணும், வைத்தியரோடு கதைக்கப் போதாது. ஆரணிதான் எல்லாம் சொன்னாள். "விபத்து. நான் கையை விட்டேன், அப்பா விழுந்தார்." அவர்கள் விபத்துப் படிவத்தை எடுத்தார்கள். படம் பிடித்தார்கள், எலும்பில் முறிவில்லை. கடைசியாக அந்த வைத்தியர் ஒரு நல்ல கேள்வி கேட்டார். விழுவதற்கு முன்பே காலில் விறைப்போ பலவீனமோ இருந்ததா?

ஆரணி என் பக்கம் திரும்பினாள். "அப்பா, கால் முந்தியே ஃபனியா இருந்ததா?"

"இல்லை எண்டு சொல்லு."

"ஷ்யூர்?"

"சொல்லு பிள்ளை."

அவள் சொன்னாள். என் பொய் என் பிள்ளையின் வாயால் ஆங்கிலத்தில் போய் அங்கே பதிவாகியது. கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வைத்தியரில் பிழையில்லை. நான் கொடுத்த நிறைக்குத்தானே அவர் பிடியை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கட்டிலால் இறங்கினேன், தரை இல்லாத மாதிரி இருந்தது. இரண்டு கால்களும் என்னுடையவை இல்லை. என் மனைவி வதனி ஓடி வந்து, "என்னப்பா, பகிடி விடாமல் எழும்புங்கோ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு அம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு இளம் வைத்தியப் பிள்ளை ரப்பர்ச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். உங்களுக்குத் தட்டினால் கால் தானாகத் துள்ளும். எனக்குத் துள்ளவில்லை. மற்றதிலும் இல்லை. அவருடைய முகம் மாறியதை நான் பார்த்தேன். பிறகு என்னை இறால் மாதிரிச் சுருண்டு படுக்கச் சொல்லி, முதுகெலும்புக்குள் ஊசி விட்டு ஒரு தேக்கரண்டி நீர் எடுத்தார்கள். கை கால்களில் சின்னச் சின்ன மின்சாரம் வைத்து நரம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தார்கள். மத்தியானம் திரும்பியதும் பெரிய வைத்தியர் வந்து கட்டில் ஓரத்தில் இருந்து வதனிக்கு விளங்கப்படுத்தினார். இது விபத்து இல்லை, வருத்தம். பெயர் கியான்-பாரே.

உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். நரம்பு என்பது போன் சார்ஜ் பண்ணுகிற வயர் மாதிரி. மேலே ஒரு உறை இருக்கிறது. வயிற்றில் கிருமி வந்தால் அதை அடிக்க உடம்பு தன் காவல்காரரை அனுப்பும். சில பேருக்கு மட்டும் அந்தக் காவல்காரர் கிருமியை அடித்து முடித்த பிறகும் நிற்காமல், நரம்பின் உறையையும் கிருமி என்று நினைத்து உரித்துவிடுவார்கள். உறை போனால் மூளை அனுப்புகிற சொல் காலுக்குப் போய்ச் சேராது. காலில் தொடங்கி மேலே ஏறும். எங்கே நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நின்ற பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வரும். இது தொற்றாது. விழுந்ததால் வருவதும் இல்லை.

இந்தக் கடைசி வசனத்தைக் கேட்க ஆரணி அங்கே இல்லை, பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வதனி அவளைப் பயப்படுத்தக் கூடாது என்று, "அப்பாவுக்கு நரம்பில ஒரு பிரச்சினை" என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம் ஆரணி சீருடையோடு வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். கிட்ட வரவில்லை. "அப்பா, அது அண்டைக்கு விழுந்ததாலயா?"

அப்போது எனக்குக் குரல் இருந்தது. மூச்சு இருந்தது. சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் விறைப்பைச் சொல்லவேண்டும், விறைப்பைச் சொன்னால் பூச்சியத்தைச் சொல்லவேண்டும். நான் பெரிய மனிதர் மாதிரி, "நீ போய்ப் படி. எல்லாம் சரிவரும்" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவளுக்கு அது 'ஓம்' என்றுதான் கேட்டிருக்கும்.

மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். ஐந்து நாள் மருந்து. இரத்ததானம் செய்கிற ஆயிரம் பேருடைய இரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதாம். யாரென்றே தெரியாத அவ்வளவு பேர் என் கைக்குள் போனார்கள். ஆனால் வருத்தம் அதற்கு முன்னால் ஓடியது. சில மணித்தியாலத்துக்கு ஒரு முறை தாதி வந்து, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடியும் என்று பார்ப்பார். எந்த மொழியிலும் எண்ணலாம் என்றார். நான் தமிழில் எண்ணினேன். முதல் நாள் முப்பத்தொன்று. அடுத்த நாள் பத்தொன்பது. வதனி என் கையைப் பிடித்துக்கொண்டு, வகுப்பில் பிள்ளைக்கு வாயசைத்துக் காட்டுவது போல என்னோடு சேர்ந்து எண்ணினாள். மூன்றாம் நாள் பதினொன்றில் நின்றது. அவளுடைய உதடு மட்டும் பன்னிரண்டு, பதின்மூன்று என்று போனது.

இப்போது நினைத்தால், அந்த எண்களுக்குச் செலவழித்த மூச்சில் ஒரு வசனத்தை ஆரணிக்குச் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அடுத்த நாள் என் வாயில் குழாய் இருந்தது.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே மூச்சை யந்திரம் விடும். எனக்குக் கையும் இல்லை காலும் இல்லை, முகமும் இல்லை. சிரிக்க ஏலாது, முகம் சுளிக்க ஏலாது. இமை முழுதாக மூடாததால் கண்ணுக்குக் களிம்பு போட்டு ஒட்டி வைப்பார்கள், பகலில் எடுத்துவிடுவார்கள். ஆனால் எல்லாம் கேட்கும். எல்லாம் நோகும். மூக்கு அரித்தால் அரிப்புத்தான், சொறிய ஏலாது.

சப்பாத்து மேசையில் புதிதாக வருகிறவர்கள் சில வேளை கொக்கிகளை மிதமிஞ்சி இறுக்கிவிட்டு, கழற்றத் தெரியாமல் பயந்து நிற்பார்கள். நான் குனிந்து ஒரு விரலால் கழற்றிவிடுவேன். அங்கே கிடந்தபோது, உச்சந்தலை வரைக்கும் என்னை ஒரு சப்பாத்துக்குள் போட்டு இறுக்கிய மாதிரி இருந்தது. குனிந்து கழற்றிவிட ஆள் இல்லை.

கண்மணியை மட்டும் மேலும் கீழும் அசைக்க முடிந்தது. அதைக் கண்டுபிடித்த தாதி பெரிய புத்திசாலி. மேலே பார்த்தால் ஓம், கீழே பார்த்தால் இல்லை என்று கட்டிலில் எழுதி ஒட்டினார். இனி உங்களோடு கதைக்கலாம் என்று எல்லாருக்கும் சந்தோசம். ஆனால் பிள்ளைகள், ஒன்றை யோசித்துப் பாருங்கள். என்னால் பதில் மட்டும்தான் சொல்ல முடியும். கேள்வியை மற்றவர்கள்தான் கேட்கவேண்டும். குளிருதா? நோகுதா? திருப்பிப் படுக்க வைக்கவா? டிவி போடவா? எல்லாம் அன்பான கேள்விகள். நான் மேலே பார்ப்பேன், கீழே பார்ப்பேன். எனக்கு வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

ஆங்கில எழுத்து அட்டை ஒன்றும் கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு எழுத்தாக அவர்கள் தொட, நான் மேலே பார்க்கவேண்டும். மூன்று எழுத்துக்குள் கண் களைத்து ஓடிவிடும். என் பொய்க்கு மூன்று எழுத்துப் போதாது.

வதனி ஒவ்வொரு நாளும் வந்தாள். நெற்றியில் திருநீறு பூசினாள், நகம் வெட்டினாள். வீட்டுக் கதையெல்லாம் சொன்னாள். குப்பைத் தொட்டியை நாள் மாறி வெளியில் வைத்தது, பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டித் தந்தது. ஆரணி மட்டும் வரவில்லை.

"பிள்ளைக்குத் தடிமனப்பா, மூக்கு ஒழுகுது. தடிமனோட இஞ்ச விடமாட்டினம்."

அடுத்த கிழமையும் தடிமன் என்றாள். அப்படி ஒரு தடிமன் உலகத்தில் இல்லை. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன, குளிருதா?" என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

சாமி அண்ணை வந்த நாள் ஒரு வியாழக்கிழமை. வேலைச் சட்டையோடு வந்தார். கையில் கோச்சின் அந்தப் பை. கதிரையை இழுத்துப் போட்டு, என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நேசன், நல்லா படுத்துட்டே. அங்க சனி ஞாயிறு நான் ஒருத்தன் பூட்ஸ் நாறுறதை மோந்துட்டு நிக்கிறேன்."

எனக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. யந்திரம் மட்டும் சீராக மூச்சு விட்டது.

பிறகு பையை மடியில் வைத்தார். "உன் பொண்ணு இதைக் கோச்கிட்ட திருப்பிக் குடுத்துட்டா. செலக்‌ஷனுக்கும் வரல. கேட்டா, நான் கையை விட்டேன், அதான் அப்பா இப்பிடி ஆயிட்டார்னு சொல்றா. உன் வீட்டம்மாவுக்கு இது தெரியுமோ தெரியாதோ."

நான் கீழே பார்த்தேன். கீழே, கீழே, கீழே. ஒரு கேள்வியும் இல்லாமலே.

அவர் எழும்பிக் கட்டிலில் ஒட்டியிருந்ததை வாசித்தார். மேலே ஓம், கீழே இல்லை. திரும்ப வந்து கதிரையில் இருந்தார்.

"அந்தப் புதன்கிழமை. நான் பூட்ஸ் காய வைக்கிறேன். நீ கம்பளத்துல நிக்கிறே. உன் காதுல பீப் பீப்னு கத்துறது எனக்கே கேட்டுச்சு. அப்புறம் கத்தல. நீ ஜீரோ அமுக்கிட்டியா?"

இத்தனை நாளும் நான் காத்துக் கிடந்த கேள்வி. மேலே பார்த்தேன்.

"சனிக்கிழமையும்?"

மேலே.

"அன்னைக்கும்? பொண்ணோட போறதுக்கு முன்னாடியும்?"

மேலே.

"அப்ப கால் முன்னாடியே மரத்திருக்கு, டாக்டர்கிட்டயும் மறைச்சிருக்கே. அவளுக்கு இது தெரியாது."

மேலே.

சாமி அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "எண்பது கிலோ ஆளு அறுபதுன்னு எழுதினா பேப்பரை மூஞ்சிமேல தள்ளுற ஆளு நீ. உன் பேப்பரை யாருடா பாக்குறது?" என்றார். கோபமா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணால் தண்ணீர் ஓடியது. அதற்கு நரம்பு தேவையில்லையோ என்னவோ.

"நான் அவகிட்ட சொல்லிடட்டா?"

கீழே.

"நீதான் சொல்லணும்."

மேலே.

"வாயில குழாயை வச்சிக்கிட்டு?" என்றார். சட்டைப் பையில் இருந்து ஒரு சப்பாத்து வாடகைப் படிவத்தை எடுத்தார். எங்கள் எல்லாருடைய பையிலும் அது கிடக்கும். பின்பக்கம் திருப்பி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினார். "கேள்வி நான் எழுதுறேன். அவ கேக்கட்டும். நீ பதில் சொல்லு."

சனிக்கிழமை அவரே காரில் ஆரணியைக் கூட்டி வந்தார். அவள் திரைச்சீலை ஓரத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் யந்திரத்தைப் பார்த்தாள். வதனி கால்மாட்டில் நின்றாள். சாமி அண்ணை படிவத்தையும் கோச்சின் பையையும் அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே போனார். ஆரணி அதை வாசித்து, ஒவ்வொன்றாகத் தன் தமிழில் கேட்டாள்.

"சண்டேக்கு முதலே உங்கட கால் விறைச்சதா?"

மேலே.

"டொக்டர் கேக்கேக்குள்ள... நீங்கள் இல்லை எண்டு சொன்னது பொய்யா?"

மேலே. வதனியின் கை வாய்க்குப் போனது.

"கால் பிழை எண்டு மெஷின் கத்தினதா? அப்ப நீங்கள் ஸீரோ அமத்தினீங்களா?"

மேலே.

"மூண்டு தரமா?"

மேலே.

தாளில் கேள்வி முடிந்துவிட்டது. அவள் தாளை மடித்தாள். முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள். அடுத்த கேள்வி அவளுடையது.

"நான் கையை விட்டதாலயா உங்களுக்கு இது வந்தது?"

கீழே.

"உண்மையா?"

மேலே.

"நான் விட்டதாலயா?"

கீழே. அவள் ஐந்து தரம் கேட்டிருப்பாள். ஐந்து தரமும் கீழே. ஒவ்வொரு தரமும் அவளுடைய தோள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்கு மூச்சு யந்திரத்தில் இருந்தாலும், அன்றைக்குத்தான் மூச்சு வந்த மாதிரி இருந்தது.

ஆனால் கதை அத்தோடு இனிப்பாக முடியவில்லை. அழுகை நின்றதும் அவளுக்குக் கோபம் வந்தது. கட்டில் கம்பியில் கையால் அடித்தாள். "அப்ப ஏன் சொல்லேல்லை? வை டிட்ன்ட் யூ டெல் மீ? நான் கேட்டனான் தானே! யூனிஃபோர்மோட வந்து கேட்டனான் தானே!"

'ஏன்' என்ற கேள்விக்கு மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் போய்விட்டாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடப் பையோடு வந்தாள். அதற்குள்ளிருந்து பெரிய தகட்டை எடுத்து என் இடது பாதத்தில் வைத்து, அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துத் தள்ளினாள். மற்றக் கையில் போன். "தள்ளுங்கோ" என்றாள். முகத்தில் இன்னும் கோபம் இருந்தது. "இனி நீங்கள் சொல்லத் தேவையில்லை. இது சொல்லும்."

அவள் கை பட்ட இடம் மட்டும் கொஞ்சம் பச்சை, மற்றதெல்லாம் சாம்பல். மறுநாளும் சாம்பல். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் முடிந்து வந்து இரண்டு காலுக்கும் பத்து நிமிடம். தள்ளுங்கோ, தள்ளுங்கோ. நான் மூளைக்குள் மலையைத் தள்ளுவேன். திரையில் ஒன்றும் இராது. அவள் எனக்குக் காலுறையைப் போட்டுவிடுவாள். குதிக்குப் புண் வராமல் மடிப்பை விரலால் நீவி எடுப்பாள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வலது பெருவிரலுக்குக் கீழே மிளகளவு ஒரு பச்சை வந்து போனது. அவள் கையை எடுத்துவிட்டு, "அகெய்ன்" என்றாள். தகட்டைத் தன் புத்தகத்தோடு சாய்த்து வைத்தாள், கை படாமல். மிளகு திரும்ப வந்தது. "அம்மா!" என்று அவள் போட்ட கத்தலில் இரண்டு தாதிமார் ஓடி வந்தார்கள்.

குழாய் எடுத்த நாளில் என் குரல் கிழிந்த கடதாசி மாதிரி இருந்தது. வதனி தண்ணீரில் நனைத்த பஞ்சை உதட்டில் வைத்தாள். நான் அதை நாக்கால் தள்ளிவிட்டு ஆரணியைக் கூப்பிட்டேன். அவள் 'ஏன்' என்று கேட்டு இரண்டு கிழமைக்கு மேல் ஆகியிருந்தது.

"நீ சந்தோசமா நிண்டனி. க்ரீன் எண்டு துள்ளினனி. சாய்ஞ்சு நிக்கிறன் எண்டு சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"தட்ஸ் ஸோ டம், அப்பா."

"ஓம்" என்றேன். நெடுநாளைக்குப் பிறகு வாயால் சொன்ன ஓம்.

அதற்குப் பிறகு நடை பழகுகிற வார்டில் பல கிழமை. இரண்டு கம்பிக்கு நடுவில் நின்று, ஒரு குழந்தை செய்கிறதை எல்லாம் ஐம்பது வயதில் செய்தேன். பிசியோதெரபிப் பெண் நல்லவர். ஆரணி கொண்டு வந்த தகடுகளைப் பார்த்துவிட்டு, சப்பாத்துக்குள் போட்டே பழகலாம் என்றார். முதல் நாள் இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து என்னை நேராக நிறுத்தி வைத்திருக்க, ஆரணி பூச்சியத்தை அழுத்தினாள். பிறகு அவர்கள் கையை எடுத்ததும் இடது காதில் பீப், பீப், பீப். சறுக்குக்குச் சொல்கிற புத்திதான் நடைக்கும். கீழே பார்க்காதே. முழங்காலை இளக்கி வை. பயம் பின்னுக்கு இழுக்கும், நீ முன்னுக்குப் போ.

"அப்பா, பேக் சீட்டில இருக்கிறியள், பின்னுக்குச் சாயிறியள்" என்று ஆரணி கம்பிக்கு அங்காலே நின்று நக்கலடிப்பாள். "ஏழு வருசம் ஸ்கீ பூட்ஸ் குடுத்த ஆள் மாதிரியே இல்லை."

வீட்டுக்குப் போகிற நாள் வந்தது. சாமி அண்ணை காரைக் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு நின்றார். சக்கர நாற்காலி வேண்டாம், நடைச் சட்டத்தைப் பிடித்து நடந்து போகிறேன் என்று நான் அடம்பிடித்தேன். போனை ஒலிபெருக்கியில் போட்டு ஆரணி கையில் வைத்திருந்தாள். காதுக்குள் வைக்கிறதை எங்கேயோ தொலைத்துவிட்டோம். இரண்டடி வைத்ததும் அது எல்லாருக்கும் கேட்கக் கத்தத் தொடங்கியது. கட்டிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வதனிக்கு வெட்கம். "சனம் பாக்குது. அதை நிப்பாட்டு பிள்ளை."

ஆரணியின் விரல் திரைக்கு மேலே நின்றது. என்னைப் பார்த்தாள். "அப்பா, ஸீரோ அமத்தட்டா? சத்தம் நிக்கும்."

"வேண்டாம்" என்றேன். "நான் இன்னும் சாய்ஞ்சுதான் நிக்கிறன். கத்தட்டும்."

அவள் போனைக் கழுத்தில் தொங்கவிட்டு, எனக்கு முன்னால் பின்பக்கமாக நடக்கத் தொடங்கினாள். இரண்டு கைகளையும் என் கைக்குக் கிட்டவாக, தொடாமல் நீட்டிக்கொண்டு. பீப், பீப், பீப் என்று அந்த நீளமான தாழ்வாரம் முழுக்க அது கத்திக்கொண்டிருக்க, நாங்கள் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தோம்.